படகு தானாகவா வந்தது?

‘அந்தப் படகுகளில் ஒன்றைச் செலுத்தியவர் என் பூட்டன், மாணவர்களின் வெள்ளைச் சப்பாத்து நனையக்கூடாது என்று அவர்களைத் தோளில் தூக்கிக் கரைசேர்த்தார் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.’

நான் வெட்டிய வரி இவ்வளவுதான். றோயல், புனித தோமஸ் கல்லூரிகள் ஆண்டுதோறும் ஆடும் கிரிக்கெட் ஆட்டமான நீலங்களின் சமர் சிறப்பு மலரில், கொழும்பு காலிமுகத்திடலில் இருந்து மறைந்துபோன கிரிக்கெட் மைதானம் பற்றிய கட்டுரையில், முதல் ஆட்டத்துக்கு அணிகள் படகில் வந்தன என்கிற வரிக்கு அடுத்த வரி. எழுதியவர் எங்கள் பத்திரிகையிலேயே ஒப்புநோக்காளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். மலர் வெளியான அன்று காலையிலேயே தொலைபேசியில் அழைத்தார். பக்கம் அழகாக வந்திருக்கிறது என்றார். தலைப்பு எழுத்து சற்றுப் பெரிது என்றார். அதன் பிறகுதான் கேட்டார்.

“தம்பி, படகை விட்டுவைத்திருக்கிறீர்கள். ஓட்டியவரை எடுத்துவிட்டீர்கள். படகு தானாகவா வந்தது?”

“அதற்கு ஆதாரம் இல்லை ஐயா.”

“படகுக்கு இருக்கிறதா?”

“அது எல்லோரும் எழுதுவதுதானே.”

“சரி தம்பி” என்றார். என் மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

கோபித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கட்டுரையாளர்களின் கோபம் எங்கள் மேசைக்குப் பழக்கமானது. அரைமணி நேரத்தில் ஆறிவிடும், அடுத்த மாதம் இன்னொரு கட்டுரை வரும். இவருக்குக் கோபம் வரவில்லை. ‘எல்லோரும் எழுதுவதுதானே’ என்று நான் சொன்னதை அவர் ஒரு பதிலாகவே ஏற்றுக்கொண்டது போல இருந்தது. அதுதான் உறுத்துகிறது. ஒரு உதவி ஆசிரியன் சொல்லக்கூடிய பதில்களில் அது ஆகக் கடைசியில் வரவேண்டியது.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1879ஆம் ஆண்டில் கொழும்பு அக்கடமியும் புனித தோமஸ் கல்லூரியும் காலிமுகத்திடலில் மோதிக்கொண்டன. அக்கடமிக்கு றோயல் கல்லூரி என்ற பெயர் வருவது அதற்குப் பிறகு, 1881இல். கேம்பிரிட்ஜில் ஆடிவிட்டு 1876இல் அக்கடமிக்கு ஆசிரியராக வந்த ஆஷ்லி வோக்கர்தான் மாணவர்களுக்கு இந்த விளையாட்டைப் பழக்கியவர். முதல் ஆட்டத்தில் ஆசிரியர்களும் சேர்ந்து ஆடினார்கள். அதனால் மாணவர்கள் மட்டும் ஆடிய 1880ஐத்தான் தொடரின் தொடக்கமாக எண்ணுகிறார்கள். இரண்டு உலகப் போர்களும் அந்தத் தொடரை நிறுத்தவில்லை. இப்போது சிங்கள விளையாட்டுக் கழக மைதானத்தில் கொட்டகை போட்டு, பப்பரே வாத்தியம் வைத்து, மூன்று நாள் ஆடுகிறார்கள். முதல் ஆட்டம் நடந்த இடத்தில் 1984இல் இருந்து தாஜ் சமுத்திரா ஹோட்டல் நிற்கிறது.

இதில் படகு எங்கே வருகிறது? இரண்டு அணிகளும் கொழும்பு நகருக்குள் இருக்கிற பேரை வாவி வழியாகப் படகில் மைதானத்துக்கு வந்தன என்பது, இந்தத் தொடரைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டாவது பந்தியில் வந்துவிடும் செய்தி. ஆங்கில மலர்களில் இருக்கும். சிங்கள மலர்களில் இருக்கும். எங்கள் மலரிலும் ஆண்டுதோறும் இருக்கும். பெரியவர் ஒப்புநோக்கிய காலத்திலும் இருந்தது. அந்த வரியில் ஒற்றுப்பிழை பார்த்து, ‘வாவியினூடாக’ என்பதை ‘வாவி வழியாக’ என்று திருத்தி, கீழே தன் கையொப்பத்தின் முதலெழுத்தைப் போட்டுத்தான் அச்சுக்கு விட்டிருக்கிறார். தன் வீட்டுக் கதையை அப்போது அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒப்புநோக்காளரின் வேலை எழுத்தைப் பார்ப்பது. கதை சொல்வதல்ல என்று இருந்திருப்பார்.

படகுக் கதை நம்பக்கூடியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. புனித தோமஸ் அப்போது கல்கிசையில் இல்லை. அங்கே போனது 1918இல். 1851இல் தொடங்கியதில் இருந்து முகத்துவாரத்தில்தான் இருந்தது. அக்கடமி இருந்தது சான் செபஸ்தியன் குன்றில், அதாவது வாவிக்குப் பக்கத்தில். முகத்துவாரத்துப் பக்கமிருந்து கால்வாயில் இறங்கினால் வாவிக்கு வந்துவிடலாம். வாவி அன்று இப்போதையதைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரிந்து கிடந்தது. பாதிக்கு மேல் பின்னர் நிரப்பப்பட்டுவிட்டது. அது கடலில் விழுகிற வாய் இன்றும் காலிமுகத்திடலின் வடக்கு முனையில்தான் இருக்கிறது. ஆகவே படகில் வந்திருக்கலாம். வந்திருக்கவே வேண்டும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் வந்தார்கள் என்று அன்றைய தாள் எதையாவது நான் கண்ணால் பார்த்திருக்கிறேனா? இல்லை. நான் பார்த்தவை எல்லாம் இன்னொரு மலரைப் பார்த்து எழுதிய மலர்கள்.

இதை இப்படி எழுதும்போது நான் என்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாகத் தெரியலாம். அப்படியில்லை. அந்த வரியை வெட்டியது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஒரு தொடரின் வரலாற்றுக் கட்டுரையில், எழுதுகிறவர் தன் பூட்டனைக் கொண்டுவந்து நிறுத்த இடம் கொடுத்தால், அடுத்த ஆண்டு இன்னொருவரின் பூட்டன் முதல் பந்தை வீசுவார், இன்னொருவரின் பூட்டன் புல் வெட்டுவார். மார்ச் மாதத்தில் எங்கள் மேசைக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளை ஒருநாள் வந்து கேட்டால் இது மிகையில்லை என்று புரியும். எந்த மலரையும் பழைய மாணவர்கள் வரிவரியாகப் பரிசோதிக்கிறார்கள். ஒரு பெயரின் முன்னெழுத்து மாறினால் மறுப்புக் கடிதம் வருகிறது. எங்கள் வாசகர்களில் பெரும்பாலோருக்கு யாழ்ப்பாணக் கல்லூரிகள் ஆடும் வடக்கின் பெரும்போர் அளவுக்கு இந்தச் சமர் நெஞ்சுக்கு நெருக்கமானதில்லை. என்றாலும் கொழும்பில் அச்சாகிற தமிழ்ப் பத்திரிகை இதைப் பிழையாகப் போட்டால் ‘தமிழ்ப் பத்திரிகைக்கு இது தெரியாதுதானே’ என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் மேசையின் எழுதாத சட்டம்.

இன்னொரு காரணமும் இருந்தது. படகை வேறு ஆட்கள் ஓட்டினார்கள் என்பதே உறுதியில்லை. பேரை வாவியில் கொழும்புப் படகோட்டக் கழகம் 1864இலேயே தொடங்கிவிட்டது. வெள்ளைக்காரர்களின் விளையாட்டாக அது அங்கே வேரூன்றியிருந்தது. ஆஷ்லி வோக்கர் போன்ற ஒருவர் மாணவர்களையே துடுப்புப் போட வைத்திருக்கலாம். ஆங்கில மலர்களிலும் அணிகள் ‘துடுப்புப் போட்டு வந்தன’ என்றுதான் எழுதுகிறார்கள். வேறொரு நாள் பெரியவரைத் தேநீர்க்கடையில் கண்டபோது இதைச் சொன்னேன். அவர் பிளேன்டீயை ஊதிக்கொண்டே கேட்டார்:

“ஆட்டத்துக்குப் போகிற பையன், பந்து போட வேண்டிய கையைப் படகிலேயே களைக்க விடுவானா? விட்டாலும், இரண்டு நாள் ஆட்டத்துக்கு மட்டை, ஸ்டம்ப், சாப்பாட்டுக்கூடை எல்லாவற்றையும் யார் இறக்குவது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். ஆனால் அவர் சொன்னது ஊகம், நான் சொன்னதும் ஊகம். இரண்டு ஊகங்களில் ஒன்று மட்டும் அச்சில் இருக்கிறது, அதுவும் ஊகம் என்று சொல்லிக்கொள்ளாமல். அவருடைய வரியையாவது ‘எங்கள் வீட்டில் சொல்வார்கள்’ என்று முடித்திருந்தார். யார் சொன்னது என்பது அதிலேயே இருக்கிறது. படகைப் பற்றிய வரியில் அதுவும் கிடையாது. ‘இரு அணிகளும் பேரை வாவி வழியாகப் படகுகளில் வந்திறங்கின.’ முற்றுப்புள்ளி. ஆதாரம் கேட்பதுதான் என் தொழில் என்றால், நான் கேள்வி கேட்டிருக்க வேண்டியது இந்த முற்றுப்புள்ளியிடம்.

விளம்பர விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அன்று மாலை ஒரு வங்கியின் விளம்பரம் கடைசி நேரத்தில் வந்தது. கால்பக்கம். பக்க வடிவமைப்பாளர் என்னைப் பார்த்து, எட்டு வரி எடுத்துத் தாருங்கள் என்றார். கட்டுரையை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு போனேன். கோட்டையின் பீரங்கிகளுக்கு மறைப்பில்லாமல் இருக்க ஒல்லாந்தர் அந்தத் திடலை வெறுமையாக வைத்திருந்தது, ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் கடற்கரை நடைபாதையை முடித்துக் ‘கொழும்பின் சீமாட்டிகளுக்கும் குழந்தைகளுக்கும்’ என்று கல் நட்டது, அதே திடலில் 1893 வரை குதிரைப் பந்தயம் ஓடியது, 1879இல் தொடங்கிய கோல்ஃப் கழகம் 1896இல் இடம்பெயர்ந்தது என்று பெரியவர் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருந்தார். எதையும் எடுக்க மனம் வரவில்லை. குதிரையும் கோல்ஃபும் கிரிக்கெட்டும் ஒரே புல்வெளியில் எப்படி ஒன்றையொன்று இடிக்காமல் நடந்தன என்று அவர் எழுதியிருந்த பந்தி அந்த மலரிலேயே சிறந்தது. பூட்டன் வரி கண்ணில் பட்டது. அதையும் வேறு சில சில்லறை வரிகளையும் எடுத்தேன். கணக்குச் சரியாக வந்தது.

அப்படியென்றால் ஆதாரமில்லை என்று வெட்டினேனா, இடமில்லை என்று வெட்டினேனா? ஆதாரமில்லை என்பதால்தான் கண்ணில் பட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் விளம்பரம் வராமல் இருந்திருந்தால்? அந்த வரி இருந்திருக்கும் என்றே படுகிறது. முதல் வாசிப்பில் நான் அதன் கீழ் கோடு போடவில்லையே. தொலைபேசியில் ‘விளம்பரம் வந்தது ஐயா’ என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எங்கள் ஆட்களுக்கு அது விளங்கும். நாற்பது ஆண்டு அச்சகத்தில் இருந்தவருக்கு விளங்காதா? நான்தான் அவசரப்பட்டு ஆதாரத்தைத் தூக்கிப் பிடித்தேன். கௌரவமான காரணமாகத் தெரிந்தது.

அதே மலரின் இன்னொரு பக்கத்தில் ஆண்டுவாரியான முடிவுகளின் பட்டியல் இருந்தது. 1885க்கு நேரே ஒரு நட்சத்திரக்குறி. அந்த ஆண்டில் றோயல் ஒன்பது ஓட்டங்களுக்குச் சுருண்டது. அடுத்த நாள் ஆட்டம் தொடரவில்லை. தோமஸ்காரர்கள் அதைத் தங்கள் வெற்றி என்கிறார்கள், றோயல்காரர்கள் வெற்றி தோல்வியற்ற ஆட்டம் என்கிறார்கள். நூற்றாண்டு கடந்தும் தீராத வழக்கு. நாங்கள் என்ன செய்கிறோம்? பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் இரண்டு தரப்பையும் போடுகிறோம். எந்தப் பக்கமும் சாயாத அந்த அடிக்குறிப்பை வருடாவருடம் நானே கவனமாகப் பார்த்து விடுகிறேன். ‘என்கின்றனர்’, ‘எனக் கருதுகின்றனர்’ என்று தராசுத்தட்டு போல நிறுத்து எழுதுவேன்.

தேநீர்க்கடையில் பெரியவர் இதையும் விடவில்லை. “ஒன்பது ஓட்டத்துக்கு அடிக்குறிப்புப் போட இடம் இருந்திருக்கிறது” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. பட்டியலில் ஒரு புள்ளி விடுபட்டிருப்பதைக் காட்டும் பழைய தொழில் குரல்தான்.

நியாயமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல. 1885இன் வழக்கில் இரண்டு கல்லூரிகள் இருக்கின்றன, பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன, ஓட்டப்பதிவு இருக்கிறது. இரண்டு தரப்பும் எழுதிவைத்திருக்கின்றன. பூட்டனின் வழக்கில் ஒரு தரப்புத்தான். அதுவும் எழுத்தில் இல்லை. மறுதரப்பே இல்லாத ஒன்றுக்கு எப்படி அடிக்குறிப்புப் போடுவது? இந்த வாதம் எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்ச நாள் இதை வைத்துக்கொண்டே ஆறுதலாக இருந்தேன். பிறகு அதற்குள்ளேயே ஓட்டை தெரிந்தது: எழுதிவைத்தவர்களுக்குத்தான் வழக்கு உண்டு என்று நான் சொல்கிறேன். அந்தத் திடலில் எழுதிவைக்கும் வசதி யாரிடம் இருந்தது? கல்லூரி இதழ் அவர்களுடையது, ஆங்கிலப் பத்திரிகை அவர்களுடையது, ஓட்டம் பதிந்த புத்தகம் அவர்களுடையது. யார் எத்தனை ஓட்டம் என்பது அதில் இருக்கும். கரையில் ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தவனின் பெயரை எதற்காகப் போடப்போகிறார்கள்? பெரியவரின் வீட்டுக் கதையில் இன்னொரு துண்டும் உண்டு. அதை அவர் கட்டுரையில் எழுதவில்லை, என்னிடம் சொன்னார். திரும்பும்போது பையன்கள் கூச்சல் போட்டுக்கொண்டு வந்தார்களாம். வென்றதற்கா தோற்றதற்கா என்று பூட்டனுக்குத் தெரியாதாம். கேட்கவும் இல்லையாம்.

இதை அவர் இட்டுக்கட்டியிருக்க முடியுமா? முடியும். அவருடைய தகப்பனோ பாட்டனோ இட்டுக்கட்டியிருக்கவும் முடியும். மார்ச் மாத மலர்களில் படகைப் படித்துப் படித்து, யாரோ ஒரு தலைமுறையில் அந்தப் படகில் தங்கள் ஆளை ஏற்றிவிட்டிருக்கலாம். கொம்பனித்தெருவில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற குடும்பம். வாவியில் சரக்குப் படகு ஓட்டியவர்கள் என்பதில் அந்தப் பகுதியில் யாருக்கும் ஐயமில்லை. சரக்குப் படகில் இருந்து பள்ளிக்கூடப் படகுக்கு ஒரு கதையைத் தாண்டவைப்பது பெரிய காரியமில்லை. இப்படி யோசிப்பது என் தொழில். இப்படி யோசிக்காமல் விட்டால் நான் அந்த மேசையில் இருக்கத் தேவையில்லை.

ஆனால் என் வீட்டிலும் காலிமுகத்திடல் கதை ஒன்று இருக்கிறது. தமிழர் வீடுகளில் அந்தத் திடல் என்றால் கிரிக்கெட் ஞாபகம் வராது. 1956 யூன் 5தான் வரும். தனிச்சிங்களச் சட்டத்துக்கு எதிராகச் செல்வநாயகத்தின் தலைமையில் அங்கே சத்தியாக்கிரகம் இருந்தவர்களைக் காடையர் அடித்தார்கள், சிலரைப் பேரை வாவியில் தள்ளினார்கள். அமிர்தலிங்கம் தலையில் கட்டுடன் எதிரே இருந்த நாடாளுமன்றத்துக்குள் போனார். என் பெரியப்பா அன்று அங்கே இருந்தார் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அவர் பெயர் எந்தப் பத்திரிகையிலும் இல்லை, எந்தப் புகைப்படத்திலும் அவரை அடையாளம் காட்ட முடியாது. நான் ஒருநாளும் ஆதாரம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அப்பா என்னை வீட்டை விட்டே துரத்தியிருப்பார். அதை நான் அச்சில் போடவில்லை என்பதுதான் இத்தனை நாளும் என் வாதமாக இருந்தது. இதோ, இப்போது எழுதிவிட்டேன்.

அடுத்த ஆண்டு மலர் வந்தபோது நேர்மையாக நடந்துகொள்வோம் என்று படகையும் எடுத்துவிட்டேன். ஆதாரம் என்றால் எல்லோருக்கும் ஆதாரம். செய்தி ஆசிரியர் பக்கத்தைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “படகு எங்கே?” என்றுதான். உறுதிப்படுத்த முடியவில்லை என்றேன். “படகு இல்லாவிட்டால் இதில் படிக்க என்ன இருக்கிறது? எல்லோரும் போடுகிறார்கள், நாங்கள் போடாவிட்டால் விடுபட்டுவிட்டது என்பார்கள்” என்றார். என் வாயில் இருந்து வந்த அதே பதில் எதிர் நாற்காலியில் இருந்து வந்தது. ‘படகுகளில் வந்ததாகச் சொல்லப்படுகிறது’ என்று சேர்த்தோம். யார் சொன்னது என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. அதனால் அது பாதுகாப்பான வாக்கியம்.

பெரியவரிடம் போய் ஒரு யோசனை சொன்னேன். ஞாயிறு இதழில் குடும்ப நினைவுகளுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. பூட்டனைப் பற்றி அதில் விரிவாக எழுதுங்கள். ஒரு வரிக்குப் பதிலாக அரைப்பக்கமே தருகிறேன், ஒரு சொல்லையும் தொடமாட்டேன் என்றேன். எனக்கு அது நல்ல தீர்வாகத் தெரிந்தது. நினைவு நினைவின் பக்கத்தில், வரலாறு வரலாற்றின் பக்கத்தில்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தப் பக்கத்தில் போன கிழமை என்ன போட்டிருந்தீர்கள்? ஆச்சியின் ஒடியல் கூழ். நல்ல கட்டுரைதான், நானும் வாசித்தேன். ஆனால் என் பூட்டன் போனது ஆட்டத்துக்கு. அது விளையாட்டுப் பக்கத்து விஷயம் தம்பி. ஒரு வரி போதும்.”

விளையாட்டுப் பக்கப் பொறுப்பாசிரியரிடம் இன்னும் இதைப் பற்றிக் கதைக்கவில்லை. கதைத்தால் ஆதாரம் கேட்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் கேட்பேன்.